பேய்க்கு ரெண்டு காது வேணும்!

ராத்திரி ஓடும்போது காதுல என்ன கேப்பீங்க? குத்துப் பாட்டா, மெலடியா? ரெண்டையும் ஒரு வாரம் ஓரங்கட்டிட்டு, ஒரு பேய்க் கதையைப் போட்டுட்டு ஓடிப் பாருங்க பாஸ். நீங்க ஓடுறீங்களா, இல்லை யாராச்சும் துரத்துறாங்களான்னு முதல் ரவுண்ட்லயே சந்தேகம் வந்துடும்!

சிரிக்காதீங்க. மூணு மாசமா ஹாஸ்டல்ல நான் இதைத்தான் செய்யறேன். ‘ஏண்டி, ஓடுறதே கொடுமை, இதுல பேய் வேறயா?’ன்னு ரூம் மேட் தலையில அடிச்சுக்கிறா. ஆனா, மேட்டர் இருக்கு.

பேய்ப் படத்துல பயம் வந்தா கண்ணை மூடிக்கலாம். காதுக்கு ஏது இமை? அதுவும் ஒலிப்புத்தகத்துல ஒருத்தர் கதையைப் படிக்கிறதோட சரி. பேயோட மூஞ்சியை வரையற வேலை உங்களோடது. கோடி கோடியா கொட்டி கிராபிக்ஸ்ல செய்யற பேயைவிட, நாமளே செஞ்சுக்கிற பேய் நமக்குக் கச்சிதமாப் பொருந்தும். என் பேய்க்கு எப்பவுமே எட்டாங்கிளாஸ் கணக்கு டீச்சர் சாயல்!

அடுத்தது, நெஞ்சுத் துடிப்பு. 1974-ல டட்டன், ஆரோன்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் கனடாவுல ஒரு வேலை பார்த்தாங்க. கப்பிலானோ தொங்கு பாலம், சுமார் 70 மீட்டர் உயரத்துல ஆடிக்கிட்டே இருக்கும். அதுல வந்த ஆண்களை ஒரு பெண் பேட்டி எடுத்து, போன் நம்பரும் கொடுத்தாங்க. ஆடாத, உயரமில்லாத இன்னொரு பாலத்துலயும் அதே பேட்டி. அப்புறம் போன் பண்ணினவங்க அதிகம் தொங்கு பாலத்து ஆட்கள்தான். பயத்துல அடிச்ச நெஞ்சை, அந்தப் பெண்ணைப் பார்த்து அடிச்சதா மனசு கணக்கெழுதிக்கிச்சாம். நம்ம விஷயத்துல ஓட்டம்தான் பாலம். ஏற்கெனவே தடதடக்கிற நெஞ்சை மனசு பேய் கணக்குல எழுதிடுது. கட்டில்ல படுத்துக் கேட்டா கொட்டாவி வர்ற கதை, எட்டாவது ரவுண்ட்ல கிலி கிளப்புறது இதனாலதான்னு நான் நினைக்கிறேன்.

இன்னொண்ணு... ரெண்டு காதையும் விரலால இறுக்க அடைச்சுக்கிட்டு நாலு அடி நடங்க. உங்க காலடியே தலைக்குள்ள ‘தொம் தொம்’னு கேக்குதா? மூச்சு யாரோ பக்கத்துல விடற மாதிரி இல்ல? எலும்பு வழியா உள்ளே போற சத்தம், அடைச்ச காதுல கூடுதலாக் கேக்கும். ரப்பர் மூடி வெச்ச இயர்போனும் அதையேதான் செய்யுது. கதையில யாரோ மாடிப்படி ஏறுறாங்க, உங்க ஷூ படியேறுது!

எதுல ஆரம்பிக்கலாம்? புதுமைப்பித்தனோட ‘காஞ்சனை’. 1940-கள்ல எழுதினது. பேய் உண்டா, இல்லையான்னு கடைசிவரை மனுஷன் சொல்லவே மாட்டார். அப்புறம் பிராம் ஸ்டோக்கரோட ‘டிராகுலா’. 1897-ல வந்தது, 27 அத்தியாயம். பெரும்பாலும் டைரியும் கடிதமுமா இருக்கறதால, ஒவ்வொருத்தரா வந்து உங்க காதுல ரகசியம் சொல்ற மாதிரியே இருக்கும். ‘லிப்ரிவாக்ஸ்’ தளத்துல தன்னார்வலர்கள் படிச்சது இலவசமாவே கிடைக்கும். இங்கிலீஷ் கொஞ்சம் பழசு. ரெண்டு நாள்ல பழகிடும்.

ஆனா, ஒரு சிக்கல். இந்த எஃபெக்ட் முழுசா வரணும்னா ரெண்டு காதும் மூடியிருக்கணும். ராத்திரி ரோட்டுல ரெண்டு காதையும் மூடிக்கிட்டு ஓடுற பொண்ணை நீங்க எத்தனை பேரைப் பார்த்திருக்கீங்க?

எங்க ஹாஸ்டல் கேட் எட்டரைக்கு மூடிடும். பசங்க ஹாஸ்டலுக்குப் பத்து மணி. அதனால நான் ஓடுறது காம்பவுண்டுக்குள்ளேயே. வாட்டர் டேங்க், மெஸ், துணி காயப்போடுற இடம்னு ஒரு சுத்து 280 மீட்டர். 18 சுத்துக்கு 5 கிலோமீட்டர். செக்கு மாடுதான்! அந்த கேட்டைத் திட்டாத நாளில்லை. கடுப்பு என்னன்னா, அதுக்குள்ள மட்டும்தான் என்னால ரெண்டு காதையும் மூடிக்கிட்டு நிம்மதியா பயப்பட முடியுது. டிராகுலாவுக்குப் பாஸ் பட்டன் இருக்கு. வெளியில பைக்ல ஸ்லோ பண்ணிட்டு வர்றவனுக்கு இல்லையே?

போன லீவுல ஊர்ல தம்பியோட ஓடினேன். அதே ரோடு, அதே அத்தியாயம், ஜோனதன் கோட்டைக்குப் போற இடம். அவன் ரெண்டு காதுலயும் மாட்டிக்கிட்டான். நான் ஒண்ணுல. என் வலது காது குதிரை வண்டியில போகுது. இடது காது, பின்னாடி வர்ற வண்டி தாண்டிப் போகுதா, வேகம் குறையுதான்னு பார்த்துக்கிட்டே இருக்கு. பக்கத்துல தம்பி இருந்தும்தான்!

வீட்டுக்கு வந்ததும், ‘செம பயம்க்கா!’ன்னான். எனக்குக் கதையில பாதி ஞாபகமே இல்லை. ஹாஸ்டலுக்குத் திரும்பின அன்னிக்கே, வாட்டர் டேங்க்கைச் சுத்தி, ரெண்டு காதையும் அடைச்சுக்கிட்டு அதே அத்தியாயத்தை மறுபடியும் கேட்டேன்.

தம்பி சொன்னது நிஜம்தான். செம பயம்!