மாரிக்கு முன் மாற்றிய கூரை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மாரிக்கு முன் கூரையைப் பார்த்துக்கொள்ளுதல் பண்டுதொட்டு வந்த வழக்கம். ஓலை வீடுகள் மிகுந்திருந்த நாளில், சோளகக் காற்று அடங்கி வாடைக்காற்றுப் பிறக்குமுன் உள்ள சில வாரங்களில் ஊரெங்கும் வேய்ச்சல் நடக்கும். வெட்டிய பனையோலையை மிதித்து, அடுக்கி, பாரமேற்றி முன்னரே பதப்படுத்தி வைத்திருப்பார்கள். ஒரு வீட்டு வேய்ச்சலுக்கு அயலவர் எல்லோரும் வருவர். அடுத்த கிழமை அவ்வீட்டார் மற்றவர் வீட்டுக்குப் போவர். கூலி பற்றிய பேச்சே இராது. மத்தியானச் சோற்றுக்குக் கத்தரிக்காய்க் குழம்பு காரமாக இருக்கவேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

இன்று ஓலை வீடு அருமையாகிவிட்டது. ஓடும் சீற்றும் கொங்கிறீற்றும் வந்தபின், கூரை என்பது ஒருமுறை போட்டுவிட்டு மறந்துவிடக்கூடிய பொருள் என்ற எண்ணம் எம்மிடையே வளர்ந்துவிட்டது. எங்கேனும் ஒழுகினால் அதன்கீழ் ஒரு வாளியை வைத்துவிட்டு, மாரி கழியட்டும் என்று இருந்துவிடுகிறோம். மாரி கழிந்தால் ஒழுக்கும் மறந்துவிடும்.

எமது வீட்டின் முன்பகுதி பேரனார் காலத்து ஓட்டு வீடு. பின்னால், அக்கால வழக்கப்படி சற்று விலகி, அடுக்களையும் அதனோடு ஒட்டிய ஓர் அறையும் உள்ளன. நீளம் 20 அடி, அகலம் 12 அடி. அதுவும் முன்னர் ஓட்டுக் கூரையாகவே இருந்தது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்களோடு மக்களாக நாமும் தென்மராட்சிக்கு நடந்தோம். அப்போது எமக்குப் பதினைந்து வயது. அடுத்த ஆண்டு திரும்பிவந்தபோது முன்வீடு ஒருவாறு நின்றது; பின்கட்டில் சுவர்கள் மாத்திரம் நின்றன. மாரி நெருங்கிக்கொண்டிருந்தது. எமது தந்தையார் தாயாரின் காப்புச் சோடியை விற்று, அஸ்பெஸ்டஸ் சீற்றுகள் வாங்கி, ஒரே கிழமையில் கூரையிட்டார். அன்றிருந்த நிலையில் அதைவிடச் சிறந்த முடிவை எவரும் எடுத்திருக்க முடியாது என்பதே எமது கருத்து.

2008ஆம் ஆண்டு நவம்பரில் வந்த 'நிஷா' புயலில் முருங்கைக் கொப்பொன்று முறிந்து விழுந்து இரண்டு சீற்றுகள் வெடித்தன. சீமெந்தும் தாரும் பூசிய ஒட்டு சில ஆண்டுகள் தாங்கியது. பின்னர் ஆணித் துளைகளைச் சுற்றி மயிரிழை போன்ற கீறல்கள் படர்ந்தன, பாசி பிடித்தது. தந்தையார் மறைந்தபின் தாயார் அந்த அறையிலேயே படுப்பார். கிணற்றுக்கும் அடுக்களைக்கும் அது கிட்ட என்பது அவர் சொல்லும் காரணம். 2023ஆம் ஆண்டு மாரியில் மூன்று இரவு அவருடைய படுக்கை நனைந்தது. எண்பதை அண்டிய ஒருவரை நள்ளிரவில் எழுப்பிக் கட்டிலை இழுப்பது கூரை மாற்றுவதற்குப் போதிய காரணமாகும்.

எமது ஒழுங்கையில் வயோதிபத் தச்சர் ஒருவர் இருக்கிறார். ஊரவர் எல்லோருக்கும் அவர் 'அப்பு'. அவரை அழைத்து ஒழுக்கு விழும் இடத்தைக் காட்டினோம். அவர் அவ்விடத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. "தம்பி, தண்ணி விழுற இடத்தைப் பாக்காதையும், அது வாற வழியைப் பாரும்" என்றார். பின் கதவையும் சன்னலையும் சாத்தச் சொல்லி, உச்சிப் பொழுதில் இருட்டறையில் நின்று மேலே நோக்கினார். ஊசிமுனை போன்ற ஒளிப்புள்ளிகள் அங்குமிங்குமாக ஒன்பது தெரிந்தன. கட்டிலுக்கு மேலே ஒன்றுமில்லை. முகட்டருகே நுழைந்த நீர், மரத்தின் அடிப்பக்கமாக ஆறடி தூரம் ஊர்ந்துவந்து, ஒரு கணுவிலே தடைப்பட்டுச் சொட்டியிருக்கிறது. மரத்தில் படிந்த கறுத்த கோடு அந்த வழியைக் காட்டியது. வாளி வைத்த இடத்துக்கு நேர்மேலே தார் பூசிக்கொண்டிருந்தால் இன்னும் இருபது ஆண்டு பூசலாம்.

ஒப்பந்தகாரர் ஒருவரை விசாரித்தோம். கேட்ட தொகை எமது மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல். அதனைக்கூட எப்படியாவது தேடியிருக்கலாம். "பழைய சீற்றை அரைநாளிலே உடைச்சுத் தள்ளிப்போடுவம்" என்று அவர் சொன்ன சொல்லே எம்மைத் தயங்கவைத்தது.

அஸ்பெஸ்டஸ் என்பதைத் தமிழில் கல்நார் என்பர், பொருத்தமான பெயர். பாறையிலிருந்து அகழ்ந்தெடுக்கப்படும் இக்கனிப்பொருள் பஞ்சுபோல் நார்நாராகப் பிரியும், தீப்பற்றாது. சீமெந்தோடு கலந்து வார்த்தால் மெல்லிய தகடும் உறுதியாக நிற்கும். மலிவு, பாரம் குறைவு, விரைவில் போடலாம். இடிந்த ஊர்களுக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் சீற்றை வாளால் அரியும்போதும், துளையிடும்போதும், உடைக்கும்போதும், பாசியைக் கம்பித் தூரிகையால் சுரண்டும்போதும் கண்ணுக்குத் தெரியாத நார்கள் காற்றிற் கலக்கின்றன. சுவாசத்தோடு உட்சென்றவை நுரையீரலில் தங்கிவிடும். அவற்றால் வரும் நோய்கள், புற்றுநோய் உட்பட, வெளிப்பட இருபது முப்பது ஆண்டுகளும் செல்லலாம். கல்நாரின் எல்லா வகைகளும் புற்றுநோயை உண்டாக்குவன என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. அறுபதுக்கு மேற்பட்ட நாடுகள் இதனைத் தடைசெய்துள்ளன. எமது நாட்டில் நீலக் கல்நார் 1987ஆம் ஆண்டிலேயே தடைசெய்யப்பட்டது. வெள்ளைக் கல்நார்ச் சீற்றுகளோ இலட்சக்கணக்கான வீடுகளின் மேல் கிடக்கின்றன. இதைப் படித்து எவரும் அச்சமடைய வேண்டியதில்லை. வெடிப்பில்லாமல், அசைவில்லாமல் கிடக்கும் சீற்று பெரிய தீங்கு செய்வதில்லை. அதனை உடைப்பதே ஆபத்து. ஆகவே உடையாமல் நாமே இறக்குவது என்று முடிவுசெய்தோம்.

2024ஆம் ஆண்டுப் புரட்டாதியில் வேலை தொடங்கியது. தாயாரையும் பிள்ளைகளையும் இரண்டு நாளைக்குத் தங்கை வீட்டுக்கு அனுப்பினோம். புறப்படுமுன் தாயார் முற்றத்தில் நின்று கூரையைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனத்தில் ஓடியது எமக்குத் தெரியாததன்று. அதனாலேயே நாம் ஒன்றும் பேசவில்லை. அவரே பேசினார்: "காப்பு வித்த காசு இருபத்தெட்டு மாரி தாங்கிப்போட்டுது. காணும், இறக்கு."

சீற்றின்மேல் ஏறி நிற்றல் ஆகாது. பழைய சீற்று எச்சரிக்கை தராமல் உடைந்து, நிற்பவரை நிலத்திலே போட்டுவிடும். இவ்வாறு உயிரிழந்தோர் பலர். நாம் ஏணியிலும் மரங்களின்மேல் இட்ட பலகையிலும் நின்றே வேலைசெய்தோம். கமக்காரர் மருந்து தெளிக்கும் கருவி ஒன்றைப் புதிதாக வாங்கி, சவர்க்காரம் கலந்த நீரால் சீற்றுகளை இருபுறமும் நன்கு நனைத்தோம். ஈரத்தில் தூசி எழும்பாது. துருவேறிய கொக்கி ஆணிகளைத் திருகாமல் வெட்டி எடுத்தோம். துணியால் மூக்கைக் கட்டுவதும் கொரோனாக் காலத்து மெல்லிய கவசமும் இவ்வேலைக்குப் போதா. வடிகட்டி பொருத்திய கவசம் மூன்று கொழும்பிலிருந்து வருவித்தோம். அதை அணிந்து நின்ற அப்பு, "கலியாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி வேர்க்குது" என்று முணுமுணுத்தபடியே இருந்தார். ஒவ்வொரு சீற்றையும் முழுதாக இறக்கி, இரண்டு மடி பொலித்தீனில் சுற்றி ஒட்டினோம். உடுத்திருந்த உடுப்புகளையும் அவ்வாறே கட்டி ஒதுக்கினோம்.

இரண்டாம் நாள் பின்னேரம், கிழக்கு வேலிக்கு அப்பால் குடியிருப்பவர் வந்தார். கூலிவேலை செய்து மூன்று பிள்ளைகளைப் படிப்பிக்கும் நல்ல மனிதர். "மாஸ்ரர், வெடிக்காத சீற்று நாலைஞ்சைத் தாங்கோ, ஆட்டுக் கொட்டிலுக்குப் போடுறன்" என்றார். கொடுக்க முடியாது என்றோம். காரணத்தையும் சொன்னோம். அவர் கேட்டுக்கொண்டு நின்றார். பின், "உங்களுக்குக் கூடாததெண்டால் எங்களுக்கும் கூடாதுதான். அப்ப நாங்கள் படுக்கிற கூரை?" என்றார். அவருடைய வீடு முழுவதும் சீற்றுக் கூரை என்பது எமக்கு அதுவரை தெரியாத செய்தியா? நாள்தோறும் கண்ட கூரை. ஆட்டுக் கொட்டிலுக்கு அறுபது கிடுகு வாங்கிக் கொடுத்தோம். பெற்றுக்கொண்டார், ஆனால் அவருடைய கேள்விக்குக் கிடுகு விடையாகாது.

இனி மரவேலை. சீற்றுக்கு மூன்று நான்கு அடி இடைவெளியில் குறுக்குமரம் போதும். ஓட்டுக்கு, ஓட்டின் நீளத்தை அளந்து, அது அடுத்த ஓட்டில் பொருந்துமாறு ஏறத்தாழ 13 அங்குலத்துக்கு ஒரு சிலாகை வேண்டும். நாம் கணக்கிட்டபடி 570 ஓடுகள்; பாரம் ஒன்றரைத் தொன்னுக்குக் குறையாது. அதைத் தாங்கும் கைமரம் எது என்ற பேச்சு வந்தபோது அப்பு ஒரே சொல்லில் "பனை" என்றார்.

தமிழ் படிப்பிக்கும் எமக்கு இவ்விடத்தில் ஒரு மகிழ்ச்சி. தொல்காப்பியர் மரபியலிலே, வெளிப்புறம் வைரமுள்ளவற்றைப் புல் என்றும், உள்ளே வைரமுள்ளவற்றை மரம் என்றும் வகுத்திருக்கிறார். அவ்வகையில் பனையும் தென்னையும் புல்லினமாகும். இன்றைய தாவரவியலாரும் அவற்றைப் புல்லைப் போல ஒருவித்திலைத் தாவரங்கள் என்றே கொள்வர். வகுப்பிலே பல்லாண்டு சொல்லிவந்த செய்தி. அதன் பொருளை அப்புவின் வாள் காட்டியது. பிளந்த பனையின் உட்பகுதி சோறுபோல் மெதுவாக இருந்தது. அவர் அதனைச் செதுக்கி எறிந்துவிட்டு, புறத்தே உள்ள கறுத்த வைரத்தை மட்டும் எடுத்தார். கூரை மரத்துக்குப் பனை வாங்குவோர் வெட்டுமுகத்தை நோக்கவேண்டும். கறுப்பு எவ்வளவு தடிப்போ அவ்வளவே விலை.

ஓடு புதிதாக வாங்கவில்லை. பக்கத்து ஊரில் பழைய வீடொன்றைக் கழற்றினார்கள். அங்கே எழுநூறு ஓடுகள் கிடைத்தன. இந்த ஓட்டின் வகை 1865ஆம் ஆண்டில் மங்களூரில் பாசல் மிஷனார் தொடங்கிய ஆலையிலிருந்து பரவியது. ஒன்றோடொன்று கொளுவி நிற்பதே அதன் சிறப்பு. பழைய ஓட்டைத் தெரிவது எளிது: விரல் முட்டியால் தட்டவேண்டும். நல்ல ஓடு வெண்கலக் கிண்ணம்போல் ஒலிக்கும். கீறல் விழுந்தது 'தொக்' என்னும். எமது உயர்தர வகுப்பு மாணவர் நால்வர் இந்த வேலைக்கு வந்து, ஒரு சனிக்கிழமை முழுவதும் தட்டித்தட்டி அறுநூற்றைத் தேர்ந்தனர். பரீட்சைக்கு இவ்வளவு கவனம் செலுத்தினால் நன்று என்று நாம் நினைத்துக்கொண்டோம். சொல்லவில்லை, ஓடு ஏற்ற ஆள் வேண்டுமே.

ஓட்டைத் தாவாரத்திலிருந்து முகட்டை நோக்கி அடுக்கவேண்டும். ஒருபுறத்தை முடித்துவிட்டு மறுபுறத்துக்குப் போனால் பாரம் ஒருபக்கம் சாய்ந்து மரம் திருகும். இருபுறமும் வரிக்கு வரி ஏறவேண்டும். தாவாரத்து முதல் வரியைக் காற்றுக்குத் தூக்காமல் கம்பியாற் கட்டினோம். முகட்டோட்டைச் சாந்திட்டுப் பதிக்கும் வேலையை மட்டும் மேசனார் ஒருவர் வந்து ஒரு பகலில் முடித்தார். ஐந்து வார இறுதிகளில் கூரை நிமிர்ந்தது. செலவு ஒப்பந்தகாரர் கேட்டதில் பாதிக்குச் சற்றுக் குறைவு.

அவ்வாண்டு நவம்பர் பிற்பகுதியில், பின்னர் 'பெங்கல்' எனப் பெயர் பெற்ற தாழமுக்கம் வடக்கையும் கிழக்கையும் நீரில் ஆழ்த்தியது. இரவு முழுவதும் கூரையில் மழையின் ஓசை கேட்டது. சீற்றில் அது பறையடிப்பது போலிருக்கும்; ஓட்டில் அடக்கமாகக் கேட்கும். விடியும்வரை நாம் இருமுறை மின்சூளோடு சென்று பார்த்தோம். தாயார் இரண்டு முறையும் நித்திரையிலிருந்தார். முகட்டருகே ஓரிடத்தில் மாத்திரம் ஈரம் காணப்பட்டது. மறுநாள் ஓர் ஓட்டை மாற்றியதும் அதுவும் நின்றது.

இறக்கிய சீற்றுகள் இன்னும் எமது கோடிப்புறத்தில், பொலித்தீன் சுற்றியபடி, 'உடைக்காதீர்' என்று எழுதப்பட்டு, வேப்பமரத்தின் கீழ் கிடக்கின்றன. அவற்றை ஏற்றுக்கொள்ள ஓர் இடம் உண்டா என்று உரிய அலுவலகத்தில் விசாரித்தோம். அப்படி ஒன்று இல்லை என்றார்கள். ஒழுங்கை நிரவ உடைத்துப் போடலாமே என்றும் ஒருவர் யோசனை கூறினார். மீண்டும் எழுத்தில் கேட்டிருக்கிறோம்.

அயல் வீட்டுக்காரர் தம் கூரைப் பாசியை இப்போது சுரண்டுவதில்லை. வெடித்த இடங்களுக்கு அசைக்காமல் பூச்சுப் பூசியிருக்கிறார். சென்ற கிழமை அப்பு அவர் வீட்டுக்குப் போய் வளையையும் கைமரத்தையும் தட்டிப் பார்த்துவந்தார். ஒரு மூலையில் மட்டும் கறையானாம். அறை இரண்டுக்கும் ஓடு எத்தனை வேண்டும் என்று கணக்குப் பார்த்தோம்: 640. எம்மிடம் மிஞ்சியிருப்பவை முப்பது. எங்கேனும் பழைய ஓட்டு வீடு கழற்றுகிறார்களா என்று மாணவரிடம் சொல்லிவைத்திருக்கிறோம்.