லீவு ஃபோமில் எழுதாத காரணம்



போன கிழமை எங்கள் பாடசாலையில் நடந்ததை எழுதுகிறோம். டீச்சருடைய பெயர் வேண்டாம். அவவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறோம்.

காலை 7.30க்கு சிவப்புக் கோடு போட்டாயிற்று. அவ வரவில்லை. ஸ்டாஃப் ரூமில் வழமையான பேச்சுத்தான். "இந்த மாசத்துல இது எத்தினாவது லீவு?" "ரிலீஃப் எல்லாம் எங்கட தலையிலதானே விழப்போகுது." சொன்னது வேறு யாருமில்லை, நாங்கள்தான். முதலாம் பாடவேளை ஃப்ரீயாக இருந்தவர்கள் டீயைக் குடித்துக்கொண்டு அவவுடைய பழைய லீவுகளையும் எண்ணிப் பார்த்தோம். எட்டரை போல பிரதி அதிபர் சேர் வந்தார். அவவுடைய உம்மா சுபஹுக்கு முன்னால் மவ்த்தாம். லுஹரோடு நல்லடக்கம்.

இன்னாலில்லாஹி சொன்னோம். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

எங்கள் ஜனாஸா யாருக்காகவும் காத்திருக்காது. 1.30க்கு பாடசாலை விட்டுப் போனால் கபுறடியில் ஈர மண்தான் இருக்கும். அதனால் பாதிப் பேர் ஷோர்ட் லீவு போட்டோம். மிச்சப் பேர் இரண்டு வகுப்புகளை ஒன்றாக்கிப் பார்த்துக்கொண்டார்கள். எல்லோரும் மனம் வைத்தால் ரிலீஃப் அவ்வளவு பெரிய வேலையில்லை என்று அன்றைக்குத்தான் கண்டோம்.

ஆண்கள் பள்ளிக்குப் போனோம், டீச்சர்மார் வீட்டுக்குப் போனார்கள். அங்கே அவவுடைய ராத்தா சொன்ன விஷயம் எங்களைச் சுட்டது. மாதா மாதம் உம்மாவை கிளினிக் கூட்டிப் போனது இவதானாம். விடிய அஞ்சு மணிக்கு வரிசையில் நின்றால்தான் நம்பர் கிடைக்கும். மருந்து எடுத்து வரும்போது பகல் தாண்டிவிடும். முந்தின நாள் காலையில் உம்மா கையைப் பிடித்து, "இண்டைக்குப் போகாத மகள்" என்றாவாம். இன்னொரு லீவு கேட்க வெட்கத்தில் இவ கையை விடுவித்துக்கொண்டு வந்தாவாம். பின்னேரம் வீட்டுக்குப் போகும்போது உம்மாவுக்குப் பேச்சு இல்லை.

வெட்கம் யாரிடத்தில்? அதிபர் நல்ல மனிதர், கேட்டால் கொடுத்திருப்பார். வெட்கம் எங்களிடத்தில்தான்.

எங்களுக்கு வருடத்துக்கு 41 நாள் லீவு. 21 கெசுவல், 20 மெடிகல். மெடிகல் என்பது நமக்கு நோய் வந்தால் எடுப்பது. உம்மாவுக்கு நெஞ்சு வலி என்று மெடிகல் போட முடியாது. கெசுவல் முடிந்துவிட்டால் நமக்கே தலைச்சுற்று, முதுகு வலி என்று சேர்ட்டிபிகேட் எடுக்க வேண்டும். வகுப்பில் பொய் சொல்லாதே என்று படிப்பிக்கிற நாங்கள், உம்மாவுக்குப் பணிவிடை செய்யப் பொய் எழுதுகிறோம். இவ அந்தப் பொய்யை எழுதவில்லை. கெசுவலைத்தான் ஒவ்வொன்றாகக் கழித்தா. காரணம் என்ற இடத்தில் "சொந்தத் தேவை" என்று மட்டும் எழுதினா. அந்தச் சொந்தத் தேவை என்னவென்று நாங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை. எண்ணத்தான் தெரிந்தது.

கணவர் மவ்த்தானால் அரசாங்க உத்தியோகத்திலுள்ள எங்கள் பெண்களுக்கு இத்தாவுக்கு 4 மாதமும் 10 நாளும் விசேட லீவு இருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ், நல்ல ஏற்பாடு. படுக்கையில் கிடக்கிற தாய் தகப்பனைப் பார்க்க அப்படி ஒன்று எங்கள் கணக்கில் இல்லை. அது வரும் வரைக்கும் பக்கத்து வகுப்பு டீச்சர்தான் லீவு தர வேண்டும்.

பெற்றோரிடமும் ஒன்று. "டீச்சர் இண்டைக்கும் வரல்ல" என்று பிள்ளை வந்து சொன்னால் கேட்டில் வந்து கேளுங்கள், உங்களுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் "அவக்கு என்ன சுகமில்லையோ, வீட்டுல என்ன கஷ்டமோ" என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை.

அவ நாலாம் நாளே வந்து கையெழுத்துப் போட்டா. இன்னும் கொஞ்ச நாள் நிற்கலாமே என்றோம். "வாப்பாவும் கிளினிக் ஆள்தானே சேர், லீவ மிச்சம் வெக்கோணும்" என்றா.

வாப்பாவுடைய கிளினிக் வருகிற செவ்வாய். அன்றைக்கு அவவுக்கு அஞ்சு பாடவேளை. அஞ்சுக்கும் இப்போதே பெயர் எழுதி டைம்டேபிள் பலகையில் ஒட்டியாயிற்று. மூணாம் பாடவேளை, 8பீ, கணிதம் எங்களுக்கு. கணிதம் எங்களுக்கு ஓடாது. பிள்ளைகள் துஆச் செய்யட்டும்.