முன்சக்கரத்துக்கு முன்னால்

கார் மட்டுமே ஓட்டுகிறவருக்கு வேளச்சேரி மேம்பாலத்தின் ஏற்றம் தெரியாது. ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் கூடுதலாக அழுத்துவார், அவ்வளவுதான். அதே பாலத்தில் அடிக்கடி சைக்கிள் மிதிக்கிற எனக்கு அது தொடை எரியும் ஏற்றம். வேகம் குறையக் குறைய ஹேண்டில்பார் இடமும் வலமுமாக ஆடும். அப்படி ஆடித்தான் சைக்கிள் விழாமல் நிற்கிறது. இதை உடம்பால் அறிந்தவர் காரில் வரும்போது, எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்து ஏறிக்கொண்டிருக்கும் ஒரு வாட்ச்மேனை உரசுவதுபோல் கடந்து போக மாட்டார். சைக்கிளின் அகலத்தோடு அந்த ஆட்டத்துக்கும் சேர்த்து இடம் விடுவார்.

தொடர்ந்து சைக்கிள் ஓட்டினால் கார் ஓட்டுகிறவருக்கு இரக்கம் வரும் என்பார்கள். விவரம் கூடுகிறது என்றுதான் எனக்குப் படுகிறது. பார்வை சைக்கிள்காரரின் முதுகைத் தாண்டி, அவருடைய முன்சக்கரத்துக்கு முன்னால் போய்விடுகிறது. மழைக்குப் பின் ஒதுங்கிய மணல், சாலை மட்டத்துக்குக் கீழே இறங்கிப்போன சாக்கடை மூடி, மெட்ரோ வேலைக்கு வைத்த தடுப்பு எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. ‘ஓரமாப் போய்யா’ என்று கத்துகிறவர் காட்டும் ஓரத்தில் சைக்கிள் ஓட்டவே முடியாது. எதிரே பள்ளம் இருந்தால் அந்தச் சைக்கிள் அடுத்த இரண்டு விநாடியில் வலப்பக்கம் விலகும். அதை எதிர்பார்க்கிறவரின் கால் முன்கூட்டியே பிரேக்குக்கு வந்துவிடும்.

நெருங்கி வந்து ஹாரன் அடித்தால் சைக்கிள்காரர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பார். தலையோடு தோளும், தோளோடு ஹேண்டில்பாரும் திரும்பும். எச்சரிக்கை என்று அடித்ததே அவரைக் காரின் பக்கம் இழுத்துவிடும்.

மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும் கார், 15-இல் போகும் சைக்கிளுக்குப் பின்னால் 10 விநாடி பொறுத்துப் போனால் இழப்பது 6 விநாடிக்குச் சற்றே அதிகம். சிக்னலில் அதைவிட எவ்வளவோ நேரம் நிற்கிறோம். அந்த 6 விநாடிக்காக முந்திப்போய், சைக்கிளை மறித்து உடனே இடப்பக்கத் தெருவுக்குள் திருப்புவதைப் பார்த்தால் எனக்கு மனம் ஆறுவதேயில்லை. சைக்கிள்காரர் மிதித்து மிதித்துச் சேர்த்த வேகம் ஒரே பிரேக்கில் போய்விடும். மறுபடி அதை அவர் காலால்தான் சம்பாதிக்க வேண்டும்.

ஜெர்மனியில் சைக்கிளை முந்தும் கார் ஊருக்குள் குறைந்தது ஒன்றரை மீட்டரும் ஊருக்கு வெளியே 2 மீட்டரும் தள்ளிப் போக வேண்டும் என்று 2020-இல் சட்டமே வந்துவிட்டது. நம் தெருக்களில் அத்தனை இடம் எல்லா இடத்திலும் கிடைக்காது. கிடைக்காத இடத்தில் முந்தாமல் இருக்கலாமே.

நின்ற காரின் கதவும் சைக்கிள்காரருக்கு ஆபத்துதான். நெதர்லாந்தின் பெயரால் அறியப்படும் பழக்கம் ஒன்று உண்டு: கதவைப் பக்கத்துக் கையால் திறக்காமல் தள்ளியிருக்கும் கையால் திறப்பது. நம் ஓட்டுநருக்கு அது இடக்கை. அந்தக் கை வலப்பக்கக் கதவுக்குப் போகும்போதே உடம்பு திரும்பி, பின்னால் வரும் சைக்கிள் கண்ணில் பட்டுவிடும். பிரிட்டனின் சாலை விதிகளில் 2022-இல் இதைச் சேர்த்தார்கள். பின்சீட்டில் இடப்பக்கம் உட்காரும் எங்கள் வீட்டுப் பிள்ளைகளை வலக்கையால் திறக்கப் பழக்கியிருக்கிறேன். அரசு கொடுத்த சைக்கிளில் வரும் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள், நின்ற காருக்கும் நடைபாதைக்கும் நடுவில் உள்ள அந்தச் சந்தில்தான் நுழைந்து போகிறார்கள்.