ஓர் எழுத்து செய்த வேலை

எனக்கு இங்கிலீஷ் வரும் என்ற கர்வம் ஒரு காலத்தில் கொஞ்சம் உண்டு. ராஜபாளையத்தில் பிறந்து, தமிழ் மீடியத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள் நான். ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்டேன். எங்கள் தெருவில் யாருக்காவது தந்தி வந்தாலும், பாங்கிலிருந்து கடிதம் வந்தாலும், "அந்த வீட்டு மருமகளிடம் கொண்டு போய்க் காட்டு" என்பார்கள். நானும் எழுத்துக்கூட்டிப் படித்து ஒப்பேற்றி விடுவேன். அந்தக் கர்வம் போன கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

1982-ஆம் வருஷம், ஐப்பசி மாதம். விடாத மழை. என் கணவர் ஆபீஸ் வேலையாக வெளியூர் போயிருந்தார். வீட்டில் மாமியாரும், நானும், இரண்டு குழந்தைகளும்தான். விடியற்காலை மாமியார் எழுந்து உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார்.

"என்ன அத்தை, என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்லம்மா. நெஞ்சுல கொஞ்சம் வலிக்குது. வாய்வாத்தான் இருக்கும். நீ பிள்ளைகளைப் பாரு."

சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். கேட்கவில்லை. எங்களுக்கு வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் ராஜபாளையத்தில் இருந்தார். பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். மழையில் இரண்டு பிள்ளைகளையும் விட்டுவிட்டு எப்படிப் போவது? பக்கத்து வீட்டுப் பையன் தினமும் காலை பஸ்ஸில் ராஜபாளையம் மில்லுக்கு வேலைக்குப் போகிறவன். அவனிடம் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன். டாக்டருக்கு எழுதுவதாயிற்றே, தமிழில் எழுதினால் மதிப்பாக இருக்குமா? இங்கிலீஷில் எழுதினேன். "மை மதர்-இன்-லா ஹாஸ் லிட்டில் பெயின் இன் செஸ்ட். ப்ளீஸ் கிவ் மெடிசின்."

'நெஞ்சில் கொஞ்சம் வலி இருக்கிறது' என்று எழுதியதாகத்தான் என் நினைப்பு. பத்து மணிக்கு மேல் வேறு யாரிடமோ மருந்தும் பதிலும் வந்து சேர்ந்தன. ஜீரணத்துக்கு ஒரு மிக்ஸ்சர். 'சாயங்காலம் முடிந்தால் அழைத்து வரவும்' என்று ஒரு வரி. எனக்கு நிம்மதியாகி விட்டது. மத்தியானம் மாமியாருக்கு உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. இடது கை கடுக்கிறது என்றார். முகம் வெளுத்துவிட்டது. தெருவே கூடி, யாரோ ஒரு புண்ணியவான் காரைக் கொண்டு வந்து, மதுரைக்குக் கொண்டு போனோம். மாரடைப்பு. பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி வாசம். எங்கள் நல்ல காலம், பிழைத்து எழுந்தார்.

ஊர் திரும்பிய பிறகு அந்த ராஜபாளையம் டாக்டரைப் பார்க்கப் போனேன். பெரியவர். மேஜை டிராயரிலிருந்து என் சீட்டை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"அம்மா, நீங்க எழுதினதைப் படிச்சா, 'மாமியாருக்கு நெஞ்சுல வலி அவ்வளவா இல்லே'ன்னு அர்த்தம். 'லிட்டில்'னா இல்லாத குறைதான். 'எ லிட்டில்'னு எழுதியிருந்தா, 'கொஞ்சம் வலி இருக்கு'ன்னு ஆகும். அந்த ஓர் எழுத்து இருந்திருந்தா நானே கார் எடுத்துட்டு வந்திருப்பேன்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் உடனே, "அழாதீங்க. இதைத் தமிழ்லேயே எழுதியிருக்கலாமே? எனக்குத் தமிழ் தெரியாதா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து மகளின் ஐந்தாம் வகுப்பு இலக்கணப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். 'எ', 'ஆன்', 'தி' என்று மூன்று சொற்கள். அவற்றுக்கு ஆர்ட்டிகிள் என்று பேர். விதிகள் ஒரு பக்கம், விதிவிலக்குகள் மூன்று பக்கம்! தலை சுற்றியது. என் மகளுக்கும் அந்தப் பாடத்தில் எப்போதும் சிவப்பு மைதான்.

பாட்டி சொன்ன பாடம்

வழி காட்டியவர் யார் தெரியுமா? இங்கிலீஷில் ஓரெழுத்துகூடத் தெரியாத என் மாமியார்தான். உடம்பு தேறிவரும் நாட்களில் ராத்திரி பிள்ளைகளைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு கதை சொல்வார். "ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தானாம். அந்த ராஜாவுக்கு ஒரு மக. அந்த மக ஒரு கிளி வளர்த்தாளாம். அந்தக் கிளி என்ன செஞ்சுச்சு..."

அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. ராஜா முதல் தடவை வரும்போது 'ஒரு' ராஜா. கேட்கிறவர்களுக்கு ராஜாவைத் தெரிந்துபோன பிறகு 'அந்த' ராஜா. கிளியும் அப்படியே. 'எ' என்பது பாட்டியின் 'ஒரு', 'தி' என்பது பாட்டியின் 'அந்த'! இதைத்தானே புத்தகம் மூன்று பக்கத்துக்குச் சொல்கிறது?

இது வெறும் ஒப்புமை இல்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். பழைய இங்கிலீஷில் 'ஒன்று' என்ற சொல்தான் தேய்ந்து 'ஆன்' ஆகி, அதுவும் தேய்ந்து 'எ' ஆயிற்றாம். 'தி'யும் 'அது, அந்த' என்று சுட்டிக்காட்டும் பழைய சொற்களிலிருந்து வந்ததுதான். நம் பாட்டிமார் செய்ததையே அவர்கள் பாட்டிமாரும் செய்திருக்கிறார்கள்.

ஆனால் நாம் எப்போதும் 'அந்த' போடுவதில்லையே, அங்கேதான் நமக்குத் தடுமாற்றம். தமிழில் 'தி' இல்லாவிட்டாலும், அது செய்கிற வேலையை நாம் வேறு வழியில் செய்துகொள்கிறோம். "பெண் பார்க்கப் போனோம்" என்றால், இன்னும் எந்தப் பெண் என்று முடிவாகவில்லை. "பெண்ணைப் பார்க்கப் போனோம்" என்றால், பேசி வைத்த பெண். "சேலை வாங்கினேன்" என்றால் ஏதோ ஒரு சேலை. "சேலையை வாங்கிட்டேன்" என்றால் நேற்று கடையில் பார்த்து ஆசைப்பட்டோமே, அந்தச் சேலை. ஓர் 'ஐ' எவ்வளவு காரியம் செய்கிறது, பாருங்கள்!

என் மகளுக்கு இப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். "கேட்கிறவங்களுக்கு எதுன்னு தெரியுமா? தெரியும்னா 'தி'. தெரியாது, பல ஒண்ணுல ஏதோ ஒண்ணுன்னா 'எ'." ராஜபாளையத்தில் 1936-ல் முதல் மில் தொடங்கியதிலிருந்து எத்தனையோ பஞ்சாலைகள் வந்துவிட்டன. "அவர் ஒரு மில்லில் வேலை பார்க்கிறார்" என்று புதியவரிடம் சொன்னால் 'எ மில்'. வீட்டுக்குள்ளே, "அப்பா மில்லுக்குப் போயிருக்கார்" என்றால் எந்த மில் என்று பிள்ளைகளுக்கே தெரியும். அது 'தி மில்'. ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்றுகொண்டு "கோபுரம் தெரியுது" என்றால் எந்தக் கோபுரம் என்று யாராவது கேட்பார்களா? பதினோரு நிலை கொண்ட அந்த ஒரே கோபுரம்தான். ஆகவே 'தி'. சூரியன், சந்திரன், ஆகாயம் இவற்றுக்கும் அதே காரணம்தான்.

'எ'யா, 'ஆன்'னா?

இதுவும் நமக்குப் புதிதில்லை. 'ஒரு மரம், ஓர் இலை' என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதேதான். உயிரெழுத்துக்கு முன்னால் ஓர். உயிர் ஓசைக்கு முன்னால் ஆன். இங்கே ஒரு ஜாக்கிரதை வேண்டும். கண்ணால் பார்க்கக் கூடாது, காதால் கேட்க வேண்டும். மணி நேரத்தைக் குறிக்கும் 'அவர்' (வீட்டு 'அவர்' இல்லை!) எழுதும்போது 'ஹெச்'சில் தொடங்கினாலும் ஓசை 'அ'. அதனால் 'ஆன் அவர்'. 'யுனிவர்சிட்டி' எழுத்தில் 'யு' என்ற ஆங்கில உயிரெழுத்து, ஓசையோ 'ய'. அதனால் 'எ யுனிவர்சிட்டி'. 'எக்ஸ்-ரே'க்கு 'ஆன்', 'எம்.எல்.ஏ.'வுக்கும் 'ஆன்'. ஒரு ரூபாய்க்கு, 'வ' ஓசை வருவதால், 'எ ஒன் ருபீ காயின்'.

நாம் அடுக்களையில் கட்டிக்கொள்ளும் ஏப்ரனுக்குக்கூட இதில் ஒரு கதை உண்டு. முன்பு அதன் பேர் 'நேப்ரன்'. 'எ நேப்ரன்', 'எ நேப்ரன்' என்று சொல்லிச் சொல்லி, காதுக்கு 'ஆன் ஏப்ரன்' என்று பட்டு, முதலெழுத்து இந்தப் பக்கம் ஓடி வந்துவிட்டது. இங்கிலீஷ்காரர்களே தடுமாறிய இடம், நாம் தடுமாறினால் குற்றமா?

எதுவுமே வேண்டாத இடங்கள்

எண்ண முடியாத பொருளுக்கு 'எ' கிடையாது. பால், அரிசி, எண்ணெய், சர்க்கரை எல்லாம் இந்தச் சாதி. 'எ மில்க்' தப்பு; 'எ கப் ஆஃப் மில்க்' சரி. எங்கள் ஊர்ப் பால்கோவாவும் அப்படித்தான், கிலோவோ டப்பாவோ சேர்த்துத்தான் எண்ண வேண்டும். 'அட்வைஸ்', 'ஃபர்னிச்சர்' இரண்டும்கூட எண்ணிக்கையில் அடங்காதவை என்பது பலருக்குத் தெரியாது.

ஊர்ப் பெயருக்கும் ஆள் பெயருக்கும் எதுவும் வேண்டாம். ராஜபாளையம் வெறும் ராஜபாளையம், மதுரை வெறும் மதுரை. ஆனால் ஆறு, கடல், மலைத்தொடர் இவற்றுக்கு 'தி' உண்டு. 'தி வைகை', 'தி பே ஆஃப் பெங்கால்', எங்கள் மேற்கே நிற்கும் 'தி வெஸ்டர்ன் காட்ஸ்'.

தாய்மார்களுக்கு அடிக்கடி உபயோகப்படுவது இது. பிள்ளை படிக்கப் போனால் 'கோ டு ஸ்கூல்', 'தி' இல்லை. நாம் பீஸ் கட்டவோ டீச்சரைப் பார்க்கவோ போனால் 'கோ டு தி ஸ்கூல்'. ஒரே வாசலில்தான் இருவரும் நுழைகிறோம். ஆனால் பிள்ளை போவது படிப்புக்கு, நாம் போவது கட்டடத்துக்கு! பிரிட்டிஷ் வழக்கில் ஆஸ்பத்திரிக்கும் இதே கணக்கு: நோயாளி 'இன் ஹாஸ்பிடல்', சாப்பாடு கொண்டு போகிறவர் 'அட் தி ஹாஸ்பிடல்'.

லீவ் லெட்டர் எழுதும்போது: ஜலதோஷம், தலைவலி இவற்றுக்கு 'எ' உண்டு. 'எ கோல்ட்', 'எ ஹெடேக்'. மலேரியா, டைபாய்டு, டயபெடிஸ் போன்றவற்றுக்குக் கிடையாது.

கடைசியாக, என்னை அழ வைத்த 'லிட்டில்'. இதற்கும் தமிழில் ஒரு சாவி இருக்கிறது. "கொஞ்சம் இருக்கு" என்றால் 'எ லிட்டில்'. "கொஞ்சம்தான் இருக்கு, பத்தாது" என்றால் வெறும் 'லிட்டில்'. நாம் 'தான்' சேர்த்துக் குறைக்கிறோம். அவர்கள் 'எ'யை எடுத்துக் குறைக்கிறார்கள். எண்ணக்கூடியவற்றுக்கு 'எ ஃப்யூ', 'ஃப்யூ' என்று இதே கதைதான். வீட்டில் நாலு விருந்தாளி வந்து, "நாலைந்து முட்டை இருக்கு, சமாளிச்சிடலாம்" என்றால் 'எ ஃப்யூ'. "ரெண்டு மூணுதான் இருக்கு, என்ன பண்றது?" என்றால் 'ஃப்யூ'.

சகோதரிகளே, இலக்கணத்தோடு இன்னும் இரண்டு விஷயம் கற்றுக்கொண்டேன். முதலாவது, நெஞ்சுவலிக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருக்கக் கூடாது. நாம் பெண்கள் "ஒண்ணுமில்லே, வாய்வு" என்று சொல்லிச் சொல்லியே நோயை மறைக்கிறவர்கள். பெண்களுக்கு மாரடைப்பு வரும்போது வலி பெரிதாக இல்லாமல், மூச்சுத் திணறல், வேர்வை, குமட்டல், தாடை அல்லது முதுகில் வலி, காரணமில்லாத அசதி என்றுகூட வரலாம். அப்படி இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். 1982-ல் எங்களுக்குக் கார் தேட வேண்டியிருந்தது. 2008 முதல் நம் மாநிலத்தில் 108 என்று கூப்பிட்டால் ஆம்புலன்ஸ் வருகிறது.

இரண்டாவது, உயிர் சம்பந்தப்பட்டதை நமக்கு நன்றாக வரும் பாஷையில் சொல்ல வேண்டும். அதில் கௌரவம் பார்க்கக் கூடாது. டாக்டரிடமும் மருந்துக் கடையிலும் தமிழில் கேளுங்கள், தமிழில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இங்கிலீஷைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து நிதானமாகக் கற்றுக்கொள்ளலாம், அதற்கு வயது ஒன்றும் இல்லை.

என் மாமியார் அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் இருந்தார். அந்தச் சீட்டைப் பற்றி நான் அவரிடம் ஒருநாள் மனசு கேட்காமல் சொல்லிவிட்டேன். கோபப்படுவார் என்று பயந்தேன். "நான் உன்கிட்ட கொஞ்சம் வலின்னுதானே சொன்னேன்? உயிர் போற வலின்னு சொல்லியிருக்கணும். தப்பு என்மேலயும்தாம்மா" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இப்போது என் பேத்தி ஒன்றாம் வகுப்பு. ராத்திரி கதை சொல்வது என் முறை. "ஒரு ஊர்ல ஒரு ராஜா..." என்று தொடங்கினால், "இது 'எ', ஆச்சி!" என்கிறாள். "அந்த ராஜாவுக்கு" என்றதும், "இது 'தி'!" என்று கை தட்டுகிறாள். நீங்களும் இன்றைக்கு ராத்திரி ஒரு கதையில் ஆரம்பித்துப் பாருங்களேன்.