மாத்திரையும் மஸ்அலாவும்

வெட்கம் ஈமானின் ஒரு கிளை என்று நம் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கிறோம். மார்க்கத்தைக் கற்றறிய வெட்கம் தடையாக நிற்க விடாத அன்ஸாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டிய செய்தியும் ஹதீஸ் நூல்களில் உண்டு. முன்னதை நிறுத்தி ஓதும் நாம் பின்னதை விரைந்து கடந்துவிடுகிறோம். அதனாலேயே, நம் வீட்டுப் பெண்களின் உடல் பற்றிய கேள்விகள் மருந்துக் கடைக்காரரிடம் தாழ்ந்த குரலில் கேட்கப்பட்டு அங்கேயே முடிந்துவிடுகின்றன.

கள்ளக்குறிச்சியில் ஒரு ஜும்ஆவுக்குப் பின் அன்பர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்தார். கல்வராயன் மலையிலிருந்து புளியும் கடுக்காயும் வாங்கி விற்பவர். "ஹஜ்ரத், வீட்டிலும் நானும் உம்ராவுக்குப் புறப்படுகிறோம். ஹைளு தள்ளிப்போக மாத்திரை போடலாமா? கடையில் வாங்கியும் வைத்துவிட்டேன்" என்றார். அவர் காட்டியது கருத்தடை மாத்திரை அட்டை. உடலுக்குத் தீங்கில்லையெனில் ஆகும் என்று மார்க்க அறிஞர் பலர் கூறியிருக்கின்றனர், மஸ்அலா அவ்வளவுதான். ஆனால் அந்த 'தீங்கில்லையெனில்' என்பதை யார் பார்ப்பது? "வீட்டில் வயதென்ன? இரத்தக் கொதிப்பு உண்டா?" என்றோம். "நாற்பத்திரண்டு. கொதிப்புக்கு மருந்து சாப்பிடுகிறார்கள்" என்றார். அட்டையைப் பிரிக்காமல் மருத்துவரிடம் போகச் சொன்னோம். மருத்துவர் அதைத் தடுத்து வேறு வழி சொன்னதாகப் பிறகு அறிந்தோம். விழுங்கவேண்டியவர் மனைவி, கேட்க வந்தவரோ கணவர். அந்த அம்மையாரிடம் எவரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

இம்மாத்திரையில் ஈஸ்ட்ரஜன், புரொஜெஸ்டிரோன் எனும் இருவகைப் பெண்மைச் சுரப்பு நீர்களைப் போன்ற பொருள்கள் சேர்ந்துள்ளன. இவை இரத்தத்தில் நாள்தோறும் ஒரே சீராக இருப்பதைக் கண்ட மூளையடிச் சுரப்பி, சினைப்பைக்கு ஆணை அனுப்புவதை நிறுத்திக்கொள்கிறது. முட்டை வெளிப்படுவதில்லை. கருப்பை வாயின் சளியும் தடித்து விந்தணுவின் வழியை அடைக்கிறது. ஆகவே இது தங்கிய கருவைக் கலைக்கும் மருந்தன்று. இவ்வேறுபாட்டை அறியாமல் இரண்டுக்கும் ஒரே ஹுக்மு சொல்வோர் நம்மில் உளர்.

குர்ஆன் இறங்கிக்கொண்டிருந்த காலத்திலேயே தாங்கள் அஸ்ல் செய்துவந்ததாக ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவின் திருமண ஒழுக்கங்கள் பகுதியில் அதனை ஆராய்ந்து, பேறுகாலத்தில் மனைவியின் உயிருக்கு அஞ்சுவதையும் ஏற்கத்தக்க காரணங்களுள் ஒன்றாக வைக்கிறார்கள். மனைவியின் இசைவு வேண்டும் என்பதும் ஃபுகஹாக்கள் பலரின் முடிவு. பேற்றினால் ஆபத்து நேரக்கூடிய பெண்ணுக்குக் கருத்தடுக்கும் முறைகளை மருத்துவ மேதை இப்னு ஸீனாவும் தம் கானூனில் எழுதிவைத்தார். நிரந்தரமாகக் கருவறுப்பது வேறு விஷயம். அதை இங்கே விரிக்கவில்லை.

இம்மாத்திரையின் பிறப்பில் ஒரு கிழங்குக்குப் பங்குண்டு என்பது பலருக்கு வியப்பளிக்கும். 1940களில் ரஸ்ஸல் மார்க்கர் என்னும் அமெரிக்க வேதியியலார் மெக்சிகோவின் காட்டுக் கிழங்கிலிருந்து புரொஜெஸ்டிரோனைச் செய்தார். அக்கிழங்கின் இனத்தைச் சேர்ந்தவையே நம் மலைகளில் மலையாளி மக்கள் தோண்டி அவித்துண்ணும் காட்டு வள்ளியும் கவலையும். ஆயினும் கிழங்கை உண்டால் கரு தடைப்படாது; ஆய்வுக்கூடம் செய்யும் அம்மாற்றத்தை மனித உடல் செய்வதில்லை. 1960இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் மாத்திரையில் ஈஸ்ட்ரஜன் வகைப் பொருள் 0.15 மில்லிகிராம் இருந்தது. இன்று அரசு இலவசமாக வழங்கும் 'மாலா-என்' மாத்திரையில் அது 0.03 தான்.

அந்த அட்டையில் 28 மாத்திரைகள். 21 மருந்து, எஞ்சிய 7 இரும்புச் சத்து. இந்த ஏழு நாள்களில் உதிரம் காணும். அது ஹைளுதானா என்று பெண்கள் ஆளனுப்பிக் கேட்கிறார்கள். ஹனஃபி மத்ஹபில் குறைந்தது மூன்று நாள், கூடியது பத்து நாள். ஷாஃபியில் குறைந்தது ஓர் இரவு பகல், கூடியது பதினைந்து நாள். இவ்வரம்புக்குள் நின்றால் ஹைளாகவே கொள்ளப்படும். தொடக்க மாதங்களில் இடையிடையே சில துளிகள் காண்பதுண்டு. அதைக் கண்டவுடனே தொழுகையை விட்டுவிடாமல் விளக்கம் கேட்டுக்கொள்வது நல்லது.

ரமலானில் மாத்திரையை ஸஹர் நேரத்துக்கோ நோன்பு திறந்த பின்னரோ மாற்றிக்கொள்ளலாம். மாற்றும்போது வழக்கமான நேரத்துக்கு முந்தலாம், பிந்தலாகாது. ஒன்று மறந்தால் நினைவு வந்ததும் விழுங்கவேண்டும். இரண்டு, மூன்று மறந்தால் ஏழு நாளைக்கு வேறு தடுப்பும் தேவை. தவறாமல் உட்கொண்டால் ஓராண்டில் ஆயிரம் பெண்களில் மூவரே கருவுறுவர். மறதியும் கலந்த நடைமுறையிலோ நூற்றுக்கு ஏழு பேர்.

தீங்குகளுள் பெரியது இரத்தக்குழாயில் இரத்தம் உறைதல். மாத்திரை உண்ணாத பதினாயிரம் பெண்களில் ஆண்டுக்கு 1 முதல் 5 பேருக்கு அது நேரும். உண்பவர்களில் 3 முதல் 9 பேருக்கு. கர்ப்பிணிகளில் 5 முதல் 20 பேர் என்பதையும் சேர்த்தே எண்ணவேண்டும், கர்ப்பமும் ஆபத்தற்றதன்று. இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள், கண்ணில் ஒளிக்கீற்றுத் தோன்றி ஒற்றைத் தலைவலி வருபவர்கள், முன்பு இரத்தம் உறைந்தவர்கள், மார்பகப் புற்று கண்டவர்கள் இதைத் தொடலாகாது. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ, பேச்சுக் குழறினாலோ உடனே மருத்துவமனைக்கு ஓடவேண்டும். கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26இல் தனி மாவட்டமாகி, 2022இல் அரசு மருத்துவக் கல்லூரியும் பெற்றுவிட்டது. வெள்ளிமலையிலிருந்து கொண்டையூசி வளைவுகளில் இறங்கிவர வேண்டியவர்க்கோ அது இன்னும் அண்மையன்று. ஆதலின் இரத்த அழுத்தத்தை மலையிலேயே, தொடங்குமுன் அளந்துகொள்வது உயிர்காக்கும்.

நன்மைகளும் உள. உதிரப்போக்கு குறைவதால் சோகை தணிகிறது. சினைப்பை, கருப்பைப் புற்றுகள் குறைகின்றன. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் உண்பவர்களுக்கும், வலிப்புக்குச் சில மருந்துகள் உண்பவர்களுக்கும் இம்மாத்திரை பலிக்காமற் போகலாம். அவர்கள் மருத்துவரிடம் அதைச் சொல்லியாக வேண்டும்.

ஈராண்டு பாலூட்டலைக் குர்ஆன் பேசுகிறது. பாலூட்டும் தாய் முதல் ஆறு மாதம் இக்கூட்டு மாத்திரையைத் தவிர்க்கவேண்டும். அவர்களுக்கு லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் கண்டறிந்த, சுரப்பு நீர் கலவாத மாத்திரை உண்டு. 'சஹேலி' என்று விற்கப்படுவதும், 'சாயா' என்று அரசு தருவதும் அதுவே. முதல் மூன்று மாதம் வாரம் இருமுறை, அதன்பின் வாரம் ஒருமுறை. கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டால் கிடைக்கும்.