புசாவலிலிருந்து மீண்டும் பம்பாய்

ரயில்வே உத்தியோகத்தில் இருப்போர்க்கு மாற்றல் என்பது மழையும் வெயிலும் போன்றது. அதைப் பற்றி ஒருவரும் கட்டுரை எழுதுவதில்லை. ஆயினும் எங்களுடையது மேலிடம் பணித்த மாற்றல் அன்று. நாங்களே விண்ணப்பித்துப் பெற்றது. இத்தகைய விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கும் குடும்பங்கள் நம் சங்கத்தில் பல உண்டு என்பதால், எங்கள் அனுபவத்தை எழுதத் துணிந்தோம். எட்டாண்டுகள் புசாவலில் வாழ்ந்தபின், 2024 ஜூன் மாதம், பள்ளி திறக்கும் தருணத்தில் மும்பைக்குத் திரும்பினோம். பம்பாய் என்ற பெயர் 1995-இல் மாறிவிட்டது. எனினும் பிறந்தது முதல் நாவில் படிந்த பெயர் எளிதில் போவதாயில்லை.

மும்பையிலிருந்து ஏறத்தாழ 440 கிலோமீட்டர் தொலைவில், தபதி ஆற்றை அடுத்துள்ளது புசாவல். நாகபுரி செல்லும் பாதையும், கண்ட்வா வழியே இடார்சி செல்லும் பாதையும் அங்கே பிரிகின்றன. வடக்கே காசிக்கும் அலகாபாத்துக்கும் சென்ற நம்மவர் பலர், அந்த ஸ்டேஷனை நள்ளிரவில் தேநீர்க் குரலாக மட்டுமே அறிந்திருப்பர். அங்கே குடியிருந்து பார்த்தால்தான் ஊர் தெரியும். கோடையில் வெப்பம் 45 டிகிரியைத் தாண்டும். பகல் முழுதும் கூலரின் இரைச்சல், இரவில் மொட்டைமாடி. அந்த வெயிலைப் பொறுத்தவர்க்குக் குளிர்காலம் ஒரு பரிசு. பருத்திக் குச்சித் தீயில் பெரிய பச்சைக் கத்தரிக்காயைச் சுட்டுப் பிசைந்து, பச்சை மிளகாயும் பூண்டும் சேர்த்துச் செய்யும் 'பரீத்' என்னும் பதார்த்தத்தைச் சோள ரொட்டியுடன் உண்டவர், நம் கத்தரிக்காய்க் கொத்சு ஒன்றே உலகில் உயர்ந்தது என்று வாதிடமாட்டார்.

ஊரைச் சுற்றி வாழைத் தோட்டங்கள். ஜல்காவ் மாவட்ட வாழைக்கு 2016-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆயினும் எங்களுக்குத் தெரிந்த தோட்டக்காரர்கள் தண்டையும் பூவையும் சமைப்பதில்லை. குலையை வெட்டியபின் மரம் வெறும் குப்பை. "எடுத்துக்கொண்டு போங்கள்" என்று சிரிப்பார்கள். எட்டாண்டுகளில் நாங்கள் வாழைத்தண்டுக்கு ஒரு காசும் கொடுத்ததில்லை. சைக்கிளில் ஆறு நிமிடத்தில் அலுவலகம். மதிய உணவு வீட்டில். மாலை ஆறு மணிக்குமேல் முழுப்பொழுதும் எங்களுடையது. இத்தனை வசதியையும் விட்டு ஏன் வந்தீர்கள் என்று அங்குள்ள நண்பர்கள் கேட்டது நியாயமே.

காரணம் இரண்டு. எங்கள் தந்தையார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து, மாதுங்கா ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்து, ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, சேமநிதிப் பணத்தில் டோம்பிவ்லியில் சிறிய வீடு வாங்கினார். 2020 மார்ச்சில் புறநகர் வண்டிகளும் தொலைதூர வண்டிகளும் நின்றபோது, முதியவர் இருவரும் அங்கும் நாங்கள் இங்குமாக, தொலைபேசி ஒன்றே துணையாக மாதங்களைக் கழித்தோம். தந்தையார் காலமானபின் தாயார் தனித்துப் போனார். புசாவலுக்கு வர அவர் இசையவில்லை. மற்றொரு காரணம் எங்கள் மகள். வீட்டுக்கு வெளியே தமிழ் கேட்க வழியின்றி, நாங்கள் தமிழில் வினவினால் மராத்தியில் விடை சொல்லும் பிள்ளையாக வளர்ந்துவிட்டாள்.

இதற்கு நாங்கள் கொடுத்த விலையையும் சொல்லியாக வேண்டும். தாமே கேட்டு வேறு கோட்டத்துக்குப் போகிறவர், புதிய இடத்தில் அந்தப் படிநிலையில் உள்ள அனைவருக்கும் கீழே வைக்கப்படுவார். மாற்றல் படியும் கிடையாது. எட்டாண்டு சீனியாரிட்டி ஒரு கையெழுத்தில் போயிற்று. நேற்று வேலைக்குச் சேர்ந்த இளைஞர்களுக்குப் பின்னால் எங்கள் பெயர் நிற்கிறது. பதவி உயர்வு எத்தனை ஆண்டு தள்ளிப்போகும் என்று இரவில் உட்கார்ந்து கணக்கிட்ட காகிதம் இன்னும் பெட்டியில் இருக்கிறது. விண்ணப்பிக்க எண்ணும் அன்பர்கள் இந்தக் கணக்கை மனைவி மக்களோடு கலந்து போட்டபின் கையெழுத்திடுவது நலம்.

வந்த நாளில் இகத்புரிக்குப் பின் முதல் மழை. அங்கிருந்து காசாரா வரையுள்ள தால் கணவாயில் பாதை 37 அடிக்கு ஓரடி வீதம் சரிகிறது. ஏறுகிற வண்டிகளுக்குக் காசாராவில் பின்னாலிருந்து தள்ளும் எஞ்சின்களைப் பூட்டுவார்கள்; இறங்குவோர்க்குப் பிரேக்கே துணை. மகள் குகைகளை எண்ணிக்கொண்டு வந்தாள்.

டோம்பிவ்லி, சத்திரபதி சிவாஜி மகாராஜ் முனையத்திலிருந்து ஏறத்தாழ 48 கிலோமீட்டர். வீட்டுப் படியிலிருந்து அலுவலக மேசை வரை ஒன்றே முக்கால் மணி, திரும்பவும் அவ்வளவே. உட்கார இடம் வேண்டிக் கல்யாணுக்குப் பின்னோக்கிச் சென்று, அதே வண்டியில் மீண்டும் டோம்பிவ்லியைக் கடந்து வருவோரைக் கண்டு முதலில் நகைத்தோம். இப்போது நாங்களும் அவ்வாறே செய்கிறோம். 1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தாணே வரை முதல் வண்டி ஓடியபோது அதில் ஏறியவர்கள் இடத்துக்கு இவ்வளவு பாடுபட்டிருக்கமாட்டார்கள்.

ஊருக்கு வந்தோம் என்று சொல்கிறோமே தவிர, நாங்கள் வளர்ந்த ஊர் மாதுங்கா, டோம்பிவ்லி அன்று. தாயாருக்கும் அப்படியே. ஆகவே மாதம் ஒரு ஞாயிறு மூவரையும் அழைத்துக்கொண்டு மாதுங்கா செல்கிறோம். ஸ்டேஷனில் 2017-இல் அனைத்துப் பணிகளையும் மகளிர் ஏற்றது எங்களுக்குப் புதுமை. 1932-இல் தோன்றிய தென்னிந்தியக் கல்விச் சங்கம் இருக்கிறது, காப்பிப்பொடி மணம் இருக்கிறது, பூக்கடைகள் இருக்கின்றன. பழைய மூன்று மாடி வீடுகள் பல இடிபட்டு, அண்ணாந்து பார்க்கவேண்டிய கட்டடங்கள் எழுந்துள்ளன. எங்கள் பழைய குவார்ட்டர்ஸை வெளியிலிருந்து பார்த்துவிட்டு, "அடுத்தவர் வீட்டை நின்று பார்க்கலாமா?" என்று தாயார் நடையைத் தொடர்ந்துவிட்டார்.

மகள் தம் பாட்டியை மராத்தி வழக்கப்படி 'ஆஜி' என்றே அழைத்து வந்தாள். தாயாரோ அது 'ஆச்சி' என்றே காதில் விழுவதாகச் சொல்லிவிட்டார். அந்த ஓரெழுத்தைப் பிடித்துக்கொண்டு இருவரும் தமிழ் பேசத் தொடங்கினர். சங்கத்தின் ஞாயிறு வகுப்பைவிட (ஆசிரியர்கள் பொறுத்தருள்க) காலைக் காப்பி வேளையில் ஆச்சி சொல்லும் ஊர்க்கதைகளே அவளுக்கு அதிகம் கற்பித்தன. ஆறே மாதத்தில் விடைகள் தமிழில் வந்தன.

சென்ற மாதம் மாதுங்கா மார்க்கெட்டில் தாயார் வாழைத்தண்டு விலை கேட்டார். ஒரு முழத் துண்டுக்கு முப்பது ரூபாய் என்றார் கடைக்காரர். மகள் குறுக்கிட்டு, "எங்க ஊர்ல சும்மாவே குடுப்பாங்க" என்றாள். "எந்த ஊரு பாப்பா, திருநெல்வேலியா?" என்று அவர் கேட்க, அவள் சற்றும் யோசியாமல் "புசாவல்" என்றாள். கடைக்காரர் சிரித்துவிட்டு ஐந்து ரூபாய் குறைத்தார்.