விண்ணப்பமும் வாய்மையும்

ஐக்கிய அமெரிக்காவிலே கல்லூரிப் பிரவேசம் கோரும் மாணவர், தமது பரீட்சைப் பெறுபேறுகளை அனுப்பினால் மட்டும் பெரும்பாலும் போதாது. பாடசாலை மணி அடித்த பின்னர் தாம் என்ன செய்தனர் என்பதையும் அறிவித்தல் வேண்டும். ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்லூரிகள் ஏற்கும் பொது விண்ணப்பப் படிவத்தில் இணைபாடவிதானச் செயல்களுக்கெனப் பத்து இடங்கள் உள. ஒவ்வொன்றையும் 150 எழுத்துக்குறிகளுக்குள் விவரித்து, வாரத்துக்கு எத்தனை மணி, ஆண்டுக்கு எத்தனை வாரம் என்று கணக்கும் காட்டவேண்டும். கூறியவை யாவும் உண்மையென ஈற்றில் ஒப்பமிடவும் வேண்டும். நமது நாட்டிற் பல்கலைக்கழக அனுமதியைப் பெரும்பாலும் உயர்தரப் பரீட்சையின் இஸட் புள்ளியே தீர்மானிக்கிறது. ஆயினும், கடல் கடந்து படிக்க விரும்பும் மாணவர் சிலர் சான்றுரை வேண்டி நம்மிடம் வரத் தொடங்கிய பின்னர், அப்படிவத்தை நாமும் வரிக்கு வரி வாசிக்க வேண்டியதாயிற்று.

அதனை நிரப்புகையில் உண்மை மெல்ல மெல்ல வீங்குவதைக் காண்கிறோம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை கடற்கரையிற் குப்பை பொறுக்கியவர் சுற்றாடல் இயக்கமொன்றின் தாபகராகிறார். மூவர் கூடிய கழகத்துக்கு மூவருமே தலைவர். கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் விண்ணப்பதாரர் சிலரை எழுந்தமானமாகத் தெரிந்து ஆதாரம் கேட்கிறது. மற்றையோரின் கூற்று பெரும்பாலும் நம்பிக்கையின் மீதே நிற்கிறது. பொய் சொல்லாதே என்று பிள்ளைகளுக்கு உபதேசிப்பது எளிது. ஆசிரியர்களாகிய நமக்கு அது பழகிய தொழிலுங்கூட. ஆனால் இக்கேள்வியை முதலிற் கேட்டவர் யார், எதற்காகக் கேட்டார் என்பதை வினவாமல் உபதேசிப்பது அரை நேர்மையே.

இதன் வரலாறு தூய்மையானதன்று. ஹாவாட் பல்கலைக்கழகத்தின் தலைவராயிருந்த லோவல், 1922 இல் யூத மாணவரின் தொகைக்கு வரம்பிட முனைந்தார். குடியேறிய எளிய குடும்பங்களின் பிள்ளைகள் பலர் பரீட்சையிற் சிறந்து உள்ளே வந்துகொண்டிருந்த காலம் அது. வெளிப்படையான பங்கீட்டுக்கு எதிர்ப்பு எழுந்தது. 1926 இல் வந்த புதிய முறையோ 'குணநலன்' என்று பேசியது. விண்ணப்பதாரரின் புகைப்படத்தையும் கேட்டது. யூதரின் தொகை வீழ்ந்தது. ஜெரோம் கரபெல் 2005 இல் வெளியிட்ட விரிவான ஆய்வுநூல் இதனை ஆவணங்களோடு நிறுவுகிறது. படகோட்டத்துக்கும் விவாத மேடைக்கும் ஓய்வு வேண்டும். ஓய்வுக்குப் பணம் வேண்டும். உடையோரின் ஓய்வு குணமென மதிப்பிடப்பட்டது. இல்லாதோரின் படிப்பு வெறும் மனப்பாடமென்று தள்ளப்பட்டது.

2019 மார்ச்சில் அமெரிக்க அரச வழக்குத் தொடுநர்கள் ஐம்பது பேர் மீது குற்றஞ் சுமத்தியபோது இம்முறையின் மறுபுறமும் தெரிந்தது. ரிக் சிங்கர் என்னுந் தரகர் செல்வந்தப் பெற்றோரிடம் ஏறக்குறைய 25 மில்லியன் டொலர் பெற்று, விளையாடாத பிள்ளைகளை வீரர்களாக்கிக் கொடுத்திருந்தார். தந்தையொருவர் நீர்ப்பந்துக்குரிய உபகரணங்களை வாங்கி, மகனை வீட்டு நீச்சற் குளத்தில் இறக்கிப் படமெடுத்து, அப்படத்தை ஓவியக் கலைஞரிடங் கொடுத்துத் திருத்துவித்தார். அம்மாணவனின் பாடசாலையில் நீர்ப்பந்து அணியே இல்லை! அதைக் கவனித்துக் கேள்வி எழுப்பியவர் அப்பாடசாலையின் ஆலோசகர். அவ்வாறு கேட்க அவர்களுக்கு என்ன உரிமை என்று தந்தை சினந்ததும் வழக்கின் ஆவணங்களிற் பதிவாகியுள்ளது. சிங்கருக்கு 2023 இல் மூன்றரை ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அந்த ஆலோசகரைப் பற்றிப் பத்திரிகைகள் அதிகம் எழுதவில்லை. நமக்கோ, அவ்வழக்கிற் படிக்கத்தக்க பகுதி அவருடைய கேள்விதான்.

மிகையாக எழுதுவோரைப் பற்றியே எல்லோரும் கவலைப்படுகின்றனர். குறைத்து எழுதுவோரை எவர் கவனிக்கிறார்? சம்பளத்துக்குச் செய்யும் வேலையையும் குடும்பப் பொறுப்பையும் இச்செயல்களுள் எழுதலாமென்று அப்படிவமே வகைப்படுத்தித் தருகிறது. அவ்வகைகள் யாருக்காகச் சேர்க்கப்பட்டனவோ, அவர்கள் கண்ணில் அவை படுவதில்லை.

முழுப் புலமைப்பரிசில் கிடைத்தாலன்றிப் போக இயலாத மாணவியொருத்தி, பத்து இடங்களில் ஒன்றை மட்டும் நிரப்பிக் கொணர்ந்தாள்: தமிழ் மன்ற உபசெயலாளர். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, தாயுடன் இடியப்பம் அவித்துக் கடைக்குக் கொடுத்துவிட்டே அவள் பாடசாலைக்கு வருகிறாள் என்பது வகுப்பில் யாவரும் அறிந்தது. அதை ஏன் எழுதவில்லை என்று கேட்டோம். "அதை எப்பிடிச் சேர் எழுதுறது? அது வீட்டு வேலையெல்லோ?" என்றாள். உடனிருந்து கணக்கிட்டோம். நாளுக்கு இரண்டு மணி, வாரத்துக்குப் பதினான்கு. ஆண்டு முழுவதுமா என்று வினவினோம். விரல்விட்டு எண்ணினாள். மாரி காலத்திற் சில கிழமைகள் கடைக்காரர் எடுப்பதில்லை என்று கூறி, 46 வாரம் என்று தன் கையாலேயே எழுதினாள்.